‘புரையேறுது’ என்றால் புரியும் சிகிச்சையாளர்கள் வேண்டும்

தமிழை விரும்பிப் படிக்கும் மாணவரிடம் உறவினர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போகப் போற?” பதில்களும் பழகிப்போனவை. தமிழாசிரியர், செய்தியாளர், ஒலிபரப்பாளர், மொழிபெயர்ப்பாளர். பட்டியல் அத்துடன் முடிந்துவிடும். மருத்துவத் துறைக்குச் செல்ல நினைப்பவருக்கு உயிரியலும் வேதியியலும் போதும், தமிழின் பயன் தேர்வோடு தீர்ந்தது என்பதே நம்மிடையே நிலவும் எண்ணம்.

அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வைக்கும் தொழில் ஒன்று இருக்கிறது. அது பேச்சு, மொழிச் சிகிச்சை. இத்துறையில் தமிழ் பேசும் திறன் ஒரு கூடுதல் தகுதி என்ற அளவில் நிற்பதில்லை. மருத்துவருக்கு ஸ்டெதஸ்கோப் எப்படியோ அப்படி, தமிழ் பேசும் நோயாளியைச் சோதிக்கும் கருவியே தமிழ்தான். ஆகவே இப்படிப்பில் தமிழ் மாணவர்கள் கூடுதலாகச் சேர வேண்டும், அவர்களது பயிற்சியில் ஒரு பகுதியாவது தமிழில் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. உளவியல் படிக்கும் நான், பட்டம் பெற்றபின் இந்த முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். அதனால் இது எனக்குத் தூரத்து விவகாரம் இல்லை.

என்ன வேலை, எங்கே படிப்பது?

‘ஸ்பீச் தெரபி’ என்றதும் உச்சரிப்பைத் திருத்தும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு சிறு பகுதி. பேசத் தாமதமாகும் குழந்தை, திக்கிப் பேசும் மாணவர், பக்கவாதத்துக்குப் பிறகு சொற்கள் கிடைக்காமல் தவிக்கும் முதியவர், பார்க்கின்சன் நோயால் குரல் தேய்ந்தவர், புற்றுநோயால் குரல்வளை அகற்றப்பட்டவர், ஓயாமல் பேசிக் குரல் கம்மிப்போன ஆசிரியர் எனப் பலரும் இவர்களிடம் வருகிறார்கள். உணவையும் நீரையும் பாதுகாப்பாக விழுங்க முடிகிறதா என்று ஆராய்வதும் இவர்களது பொறுப்பு. மருத்துவமனையில் பணிபுரிவோருக்கு இதுவே பெரிய வேலை.

சிங்கப்பூரில் நீண்ட காலம் இத்துறையைப் படிக்க ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளுக்குத்தான் செல்ல வேண்டியிருந்தது. 2007ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி இதற்கான ஈராண்டு முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. பின்னர் சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம் இளநிலைப் பட்டமாகவும் இதை வழங்கத் தொடங்கியது. அண்டை நாடான மலேசியாவில், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டிலேயே இளநிலைப் படிப்பைத் தொடங்கிவிட்டது.

முதுநிலை வழியில் ஒரு வசதி உண்டு. பதினெட்டு வயதிலேயே முடிவெடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. உளவியலோ மொழியியலோ உயிரியலோ படித்துவிட்டு, மனிதர்களுடன் பழகும் வேலை நமக்கு ஒத்துவருமா என்று பார்த்தபின் இத்துறைக்கு வரலாம். ஆனால், வந்தபின் சுமை குறைவில்லை. தலை, கழுத்துப் பகுதியின் உடற்கூறு, நரம்பியல், ஒலியியல், மொழி வளர்ச்சி, குரல், திக்குதல், விழுங்குதல் என அனைத்தையும் படிக்க வேண்டும். மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களில் மேற்பார்வையாளரின் கீழ் நேரடிப் பயிற்சியும் பெற வேண்டும். படித்து முடித்தவுடன் கடை திறந்துவிடவும் முடியாது. 2011ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இயன்மருத்துவர்களையும் செயல்முறைச் சிகிச்சையாளர்களையும் போலப் பேச்சுச் சிகிச்சையாளர்களும் அதற்குரிய மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

நேரடிப் பயிற்சி எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் விதிமுறை ஓர் எடுத்துக்காட்டு. அங்கே இத்தொழிலுக்கான தேசியச் சான்றிதழ் பெற முதுநிலைப் பட்டத்துடன் 400 மணி நேர மருத்துவப் பயிற்சியும் தேவை. அதில் 25 மணி நேரம் பார்த்துக் கற்பது. மீதி 375 மணி நேரம் நோயாளியுடன் நேருக்கு நேர் வேலை செய்வது. இத்தனை மணி நேரம் எதற்கு? ஒரு மனிதர் பேசும்போது எதைக் கவனிப்பது, எதை விட்டுவிடுவது என்று காதைப் பழக்கத்தான். அந்தக் காது ஆங்கிலத்தில் மட்டும் பழகினால் தமிழில் எதைக் கேட்பது என்று அதற்குத் தெரியாது. என் வாதத்தின் மையம் இதுதான்.

கோளாறா, வேறுபாடா?

இத்துறையில் முதலில் கற்றுத்தரப்படும் பாடங்களில் ஒன்று, மொழிக் கோளாற்றையும் மொழி வேறுபாட்டையும் பிரித்தறிவது. இரண்டு மொழிகள் பேசும் குழந்தைக்கு உண்மையிலேயே மொழிக் கோளாறு இருந்தால் அது இரண்டு மொழிகளிலும் தெரியும். ஒன்றில் மட்டும் தடுமாறினால், அந்த மொழி போதிய அளவு காதில் விழவில்லை என்பது காரணமாக இருக்கலாம். எனவே இரண்டையும் சோதித்தால்தான் விடை கிடைக்கும்.

நான்கு வயதுப் பிள்ளை ‘ஃபேன்’ என்பதைப் ‘பேன்’ என்கிறது. ஆங்கிலத்தை மட்டும் அறிந்த சிகிச்சையாளர் இதைப் பிழை என்று குறித்துக்கொள்ளலாம். தமிழ் தெரிந்தவருக்கு உடனே விளங்கும்: அந்த ஒலி தமிழில் இயல்பாக இல்லை, வீட்டில் பாட்டியும் அப்படித்தான் சொல்கிறார். ‘பஸ்’ என்பதைப் ‘பஸ்ஸு’ என்று முடிப்பதும் இதே வகை. தமிழ்ப் பேச்சில் மெய்யெழுத்தோடு சொல்லை நிறுத்துவது அரிது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ‘பழம்’ என்பதை ஒரு பிள்ளை ‘பளம்’ என்றால், அதைக் கோளாறு என்று பதறவும் தேவையில்லை. நம் வீடுகளில் எத்தனை பெரியவர்கள் ழகரத்தைச் சரியாக ஒலிக்கிறோம்? வீட்டில் கேட்காத ஒலியைப் பிள்ளை எங்கிருந்து பெறும்? ஆனால், அதே பிள்ளை ஆறு வயதிலும் ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், “மழலைதானே, போகப் போகச் சரியாகிவிடும்” என்று விட்டுவிடக் கூடாது. எது நம் வட்டாரப் பேச்சு, எது உதவி தேவைப்படும் பேச்சு என்று சொல்ல இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் வேண்டும்.

சொற்களை எண்ணுவதிலும் இதே சிக்கல். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் இருபது சொற்கள்தான் தெரியும் என்றால் கவலையாக இருக்கும். அதே பிள்ளை ‘பால்’, ‘தண்ணி’, ‘வா’, ‘வேணாம்’, ‘தூக்கு’, ‘சோறு’ என்று இன்னும் முப்பது சொற்களைத் தமிழில் சொல்கிறது என்றால் படம் மாறிவிடுகிறது. இரு மொழிகளிலும் தெரிந்த பொருள்களைச் சேர்த்து எண்ண வேண்டும் என்பதுதான் முறை. சேர்த்து எண்ணத் தமிழ் தெரிய வேண்டும்.

இந்தச் சோதனை ஒழுங்காக நடக்காதபோது பெற்றோருக்குக் கிடைக்கும் அறிவுரை நம் எல்லோருக்கும் கேட்டுப் பழகியது. “ரெண்டு மொழி பேசினா குழம்பிடும். வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க.” சொல்பவர் உறவினராகவும் இருக்கலாம், நன்கு படித்தவராகவும் இருக்கலாம். இரு மொழிகள் கேட்டு வளர்வது மொழிக் கோளாற்றை உண்டாக்குவதில்லை என்பது இத்துறையில் இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அந்த அறிவுரையைப் பின்பற்றும் வீட்டில் என்ன நடக்கும்? ஆங்கிலம் சரளமாக வராத தாத்தா, பாட்டி பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். மொழி அதிகம் தேவைப்படும் பிள்ளைக்குக் கிடைக்கும் மொழி குறைந்துவிடும்.

திக்குதலுக்கான சிகிச்சையிலும் வீட்டு மொழி வந்து நிற்கிறது. பள்ளிக்குப் போகாத சிறுவர்களுக்காக ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறையில் சிகிச்சை கொடுப்பவர் பெற்றோர்தான். தினமும் பிள்ளையுடன் பேசும்போது, திக்காமல் பேசிய இடத்தைக் குறிப்பிட்டு இயல்பாகப் பாராட்ட வேண்டும். எந்த நேரத்தில், எந்தத் தொனியில், எத்தனை முறை சொல்வது என்பதைச் சிகிச்சையாளர் பெற்றோருக்குப் பழக்குவார். ஆங்கிலத்தில் அதற்கென்று புழங்கும் சொற்கள் இருக்கின்றன. தமிழ் பேசும் அம்மா என்ன சொல்வார்? “தடங்கல் இல்லாமச் சொன்னியே, கண்ணு!” இது சரியான பாராட்டா, பிள்ளையைக் கூச வைக்குமா என்று கேட்டுச் சொல்லத் தமிழ்க் காது வேண்டாமா?

ஒரே ஓர் எழுத்து

பெரியவர்களிடம் விளைவு இன்னும் கடுமையாக இருக்கும். பக்கவாதத்தால் மூளையின் மொழிப் பகுதி பாதிக்கப்பட்டால் பேச்சும் புரிதலும் சிதையும். எந்த விதத்தில் சிதைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும்.

என் உறவுக்காரப் பாட்டி ஒருவருக்குப் பக்கவாதம் வந்தபோது, அவருக்குத் தமிழ் மட்டுமே வரும் என்பதால் மாமா உடனிருந்து மொழிபெயர்த்தார். கோப்பையின் படத்தைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டார்கள். பாட்டி திணறி, “கோப்பு... கோக்கை... அதான், தண்ணி குடிக்கிறது” என்றார். மாமா ஆங்கிலத்தில் “கப் என்கிறார்” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் அம்மா கஷ்டப்படும்போது அவர் சொல்ல வந்ததை எடுத்துக்கொடுப்பது நம் இயல்பு. ஆனால், சிகிச்சையாளருக்கு வேண்டியது பாட்டி சொல்ல வந்தது அன்று, அவர் சொன்னது. ஒலிகள் புரண்டு வந்தன, பிறகு சொல்லைச் சுற்றிப் பொருளை விளக்கினார். இவை இரண்டும் முக்கியமான தடயங்கள். ஒரே வார்த்தை மொழிபெயர்ப்பில் இரண்டும் காணாமல் போயின.

இலக்கணத்தில் இது இன்னும் நுட்பமானது. ‘தம்பி அடிச்சான்’ என்றால் அடித்தவன் தம்பி. ‘தம்பிய அடிச்சான்’ என்றால் அடி வாங்கியவன் தம்பி. வேற்றுமை உருபு ஒன்று போனால் குற்றவாளியே மாறிவிடுகிறான். ஆனால், ‘தண்ணி குடிச்சான்’ என்பதில் உருபு இல்லாதது பிழையே இல்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். எந்த இடத்தில் உருபு விடுபடலாம், எந்த இடத்தில் விடுபட்டால் அது நோயின் அடையாளம் என்று இலக்கண நூலைப் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க நோயாளியின் படுக்கையருகே நேரம் இருக்காது.

சாப்பாட்டு மேசையில்

விழுங்குதல் சிரமத்துக்கு மொழி எதற்கு என்று தோன்றலாம். நம் வீடுகளில் சாப்பிடும்போது யாருக்காவது புரையேறினால் என்ன சொல்கிறோம்? தலையைத் தட்டி, “யாரோ நினைக்கிறாங்க” என்று சிரிக்கிறோம். எப்போதோ ஒருமுறை என்றால் சிரிக்கலாம். பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் புரையேறினால், அது நீர் உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாயை நோக்கிப் போவதன் அறிகுறியாக இருக்கலாம். அதனால் நிமோனியா வரும் ஆபத்தும் உண்டு. “விழுங்குவதில் இடர்ப்பாடு ஏதேனும் உள்ளதா?” என்று கேட்டால் தாத்தா “இல்லை” என்பார். “தண்ணி குடிக்கிறப்ப அடிக்கடி புரையேறுதா?” என்று கேட்டால், “ஆமா, யாரு நினைக்கிறாங்கன்னு தெரியல” என்பார். கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில் நோயறிதல் இருக்கிறது.

உணவும் அப்படியே. உணவின் மென்மையையும் பானத்தின் அடர்த்தியையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கும் ஓர் அனைத்துலக வகைப்பாடு இன்று பல நாடுகளில் புழங்குகிறது. நம் வீட்டில் உடம்பு முடியாதவருக்கு முதலில் கொடுப்பது ரசஞ்சோறு. லேசான உணவு என்று நினைக்கிறோம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அது கடினமான உணவாகிவிடலாம். ரசம் நீராக முன்னே ஓடும், சோற்றுப் பருக்கை வாயில் பின்தங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். நன்றாக மசித்த, நீர் பிரியாத தயிர்ச்சோறு சிலருக்கு எளிதாக இருக்கலாம். யாருக்கு எது என்று சிகிச்சையாளர் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால், ரசஞ்சோறு என்றால் என்னவென்று தெரியாதவர் அதைப் பற்றிக் கேட்கவே மாட்டார்.

எந்தத் தமிழ்?

இங்கே தமிழ் மாணவர்களாகிய நாமும் ஒன்றை யோசிக்க வேண்டும். மேல்நிலைத் தேர்வில் தமிழ் இலக்கியத்தில் சிறந்த தேர்ச்சி பெற்றால் மட்டும் இதற்குப் போதாது. பள்ளிப் பாடத்திட்டத்தில் பேச்சுத்தமிழுக்கு இடம் கிடைத்திருப்பது நல்லது. நோயாளி எழுத்துத்தமிழில் பேசமாட்டார். ‘பாசார்’, ‘தப்பாவ்’, ‘லிஃப்ட்’ எல்லாம் கலந்த சிங்கப்பூர்த் தமிழில் பேசுவார். கட்டுமானத் தளத்தில் தலையில் அடிபட்டு வரும் ஊழியர் புதுக்கோட்டைத் தமிழில் பேசலாம். வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த நம்மில் பலருக்குத் தேர்வுத்தாள் தமிழ் வருகிறது, தாத்தாவிடம் பேசும் தமிழ் வருவதில்லை. இதைச் சரிசெய்ய வகுப்பு தேவையில்லை. முதியோர் இல்லத்தில் வாரம் ஒருநாள் தொண்டூழியம் செய்தாலே பெரிதும் உதவும்.

சோதனைக் கருவிகளுக்கும் இது பொருந்தும். பல்லாண்டுகளாகப் பேச்சு, மொழிச் சிகிச்சையில் பட்டப்படிப்புகளை நடத்திவரும் இந்தியாவிலிருந்து தமிழ்ச் சோதனைகளை வாங்கி வந்துவிடலாமே என்று தோன்றும். உதவும்தான். ஆனால், அம்மிக்கல்லின் படத்தைக் காட்டி ஈசூனில் வளரும் பிள்ளையிடம் பெயர் கேட்டால், பதில் வராததற்குக் காரணம் பிள்ளையின் மூளையில் இல்லை. நம் பிள்ளைகளின் பேச்சை அடிப்படையாகக் கொண்டு அவற்றைச் சரிபார்த்தாக வேண்டும்.

சிறிய எண்ணிக்கை

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு, தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்காகப் பயிற்சித் திட்டத்தை மாற்ற முடியுமா? எந்தச் சிகிச்சையாளரும் நான்கு அதிகாரத்துவ மொழிகளையும் பேச முடியாது, மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்களே என்றும் கேட்கலாம்.

எண்ணிக்கை சிறியது என்பதால்தான் இதைத் தற்செயலுக்கு விடக் கூடாது. பெரிய மொழி பேசுபவருக்குத் தன் மொழி தெரிந்த சிகிச்சையாளர் எப்படியும் கிடைத்துவிடுவார். சிறிய மொழி பேசுபவருக்குத் திட்டமிட்டால்தான் கிடைப்பார். பக்கவாதமும் மறதி நோயும் அதிகம் தாக்குவது முதியவர்களை. ஆங்கிலத்துக்கு மாறாமல் தமிழிலேயே வாழ்ந்த தலைமுறையும் அதுதான். மொழிபெயர்ப்பாளர்கள் தேவைதான், அதுவும் கேட்டதை அப்படியே சொல்லப் பயிற்சி பெற்றவர்கள். குடும்பத்தாரிடம் அந்தச் சுமையைக் கொடுப்பது அவர்களுக்கும் நோயாளிக்கும் நியாயமில்லை.

முழுப் பாடத்திட்டமும் மாற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தமிழ் பேசும் பயிற்சி மாணவருக்கு நேரடிப் பயிற்சியில் குறிப்பிட்ட மணி நேரமாவது தமிழ் பேசும் நோயாளிகளுடன் கிடைக்க வேண்டும். தமிழ் தெரிந்த மேற்பார்வையாளர் ஒரு மருத்துவமனையில் இல்லையென்றால், இருக்கும் இடத்துக்கு மாணவரை அனுப்பலாம். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுவோர் சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் எந்த வயதில் எந்த ஒலியைப் பெறுகிறார்கள் என்று பதிவு செய்யலாம். பாலர் பள்ளித் தமிழாசிரியர்கள் இதற்குக் கைகொடுக்க முடியும். தமிழ் அமைப்புகள் வழங்கும் உபகாரச் சம்பளங்களில் ஒன்றிரண்டை இத்துறைக்கு ஒதுக்குவதும் பெரிய செலவாகிவிடாது.

உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பல்கலைக்கழகப் பொது உபசரிப்புக்குப் போகும்போது இந்தப் படிப்பின் முகப்பிலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சேர்க்கைத் தகுதி, கட்டணம், உபகாரச் சம்பளம் பற்றிக் கேளுங்கள். கூடவே, “பயிற்சியில் ஒரு பகுதியைத் தமிழில் செய்ய வாய்ப்பு உண்டா?” என்றும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அது ஒரு கேள்வி. ஆண்டுதோறும் பத்துப் பேர் கேட்டால், அதற்கு விடை தேட வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு வந்துவிடும்.